மல்லி கண்ணை மூடுமா?

என் இடது தோளில் ஏழுமலையின் இரண்டு விரல்கள் இருந்தன. அழுத்தவில்லை, சும்மா வைத்திருந்தார். எங்கள் முகத்துக்கு முன்னால் கொடியில் அவர் மனைவி சம்பூரணத்தின் ஈரப் புடவை தொங்கியது. சோப்பும் நீலமும் கலந்த வாசனை. புடவைக்கும் பக்கத்தில் காய்ந்த துண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அந்த இடைவெளியை நோக்கி என் காமிராவின் மூக்கு.

பட்டாபிராமில், ரயில் பாதையிலிருந்து மூன்றாவது தெருவில், ஏழுமலையின் வீட்டு மொட்டை மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி சுமார். மேலே எங்கோ மல்லி என்ற பெட்டைப் புறா சுற்றிக்கொண்டிருந்தது.

"வர்றா," என்றார் ஏழுமலை.

எனக்கு எதுவும் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்க முடியாது. கையை நீட்டினால் தன் விரல்களே தெரியாத அளவுக்கு அவர் பார்வை சுருங்கியிருந்த சமயம் அது.

"இன்னா சார், மூச்சு உடறியா இல்லியா? மூச்ச அடக்கிகினு நின்னா கையி ஆடும். சும்மா நில்லு."

நான் மூச்சு விட்டேன். அந்த விரல்கள் எப்படி என் தோளுக்கு வந்தன என்று சொல்லிவிட்டு மறுபடி இந்த மாடிக்கு வருகிறேன்.

போல்ட்டும் கட்டை விரலும்

அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் எனக்கு இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. பிறர் செய்ததை அளந்து பார்த்து, சரி அல்லது தள்ளுபடி என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது தொழில். இப்படிப்பட்டவனுக்கு நண்பர்கள் அதிகம் இருக்க மாட்டார்கள்.

ஏழுமலை என் வயதுக்காரர். அவர் அப்பா நசரத்பேட்டைப் பக்கம் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். ஏழுமலை லேத்தில் நல்ல டர்னர் என்று பெயர் எடுத்தார். சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி. அது வருடா வருடம் இன்னும் தடித்தது. இடது கண் ஒரு நாள் முழுதாக அணைந்துவிட்டது. மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் போட்டார்கள். கலந்து கிடக்கும் போல்ட்டுகளை அளவு வாரியாகப் பிரித்துப் பெட்டியில் போடும் வேலை.

கண் தெரியாதவர் பிரித்ததை நம்பலாமா என்று மேலே இருந்தவர்களுக்குச் சந்தேகம். என்னைச் சோதிக்கச் சொன்னார்கள். ஒரு பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொரு போல்ட்டாக அளவு பார்க்கும் கேஜில் போட்டுப் பார்த்தேன். மத்தியானம் முழுதும் ஆயிற்று. ஒரு தவறு இல்லை.

"எப்படிப் பிரிக்கிறீங்க?" என்றேன்.

கட்டை விரலைக் காட்டினார். "போல்ட்டு மரைய தடவுனா தெரியும் சார். ஒண்ணு சொறசொறன்னு கீது, ஒண்ணு நைசா கீது. புறாவ கையில எடுத்தா எது யாருன்னு தெரியுதில்ல, அப்டித்தான்."

"எனக்கு எந்தப் புறாவையும் தெரியாதே," என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம ஊட்டாண்ட வா."

கேள்வி

மல்லி கர்ணப் புறா. பறந்துகொண்டிருக்கும்போதே அந்தரத்தில் தலைகீழாகக் குட்டிக்கரணம் போட்டுவிட்டு ஒன்றும் நடக்காதது போல் தொடர்ந்து பறக்கும் இனம். மற்றவை உயரத்தில் கரணம் போடும். மல்லிக்கு ஒரு தனிப் பழக்கம் இருந்தது. சுற்றி முடித்து இறங்கும்போது, கூண்டுக்கு நேர் மேலே, இரண்டு ஆள் உயரத்தில் கடைசியாக ஒன்று போடும். பிறகு சாதுவாகப் பலகையில் உட்காரும்.

"இது போடற கர்ணம் எனக்குக் காதாலதான் தெரியும் இப்ப," என்றார் ஏழுமலை. "முன்ன நல்லா பாத்துகினு இருந்தேன். ஆனா ஒண்ணு மட்டும் கண்ணு நல்லாருந்தப்பவே தெரில."

"என்ன?"

"தலகீழா திரும்பறப்ப அது கண்ண மூடுதா, தொறந்துகினே கீதா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இந்தத் தெருவில் புறா வளர்ப்பவர்கள் இதற்காகச் சண்டையே போட்டிருக்கிறார்களாம். பாதிப் பேர் மூடும் என்பார்கள், ராட்டினத்தில் மனிதர்கள் மூடிக்கொள்வதில்லையா, அதைப்போல. பாதிப் பேர் மூடினால் சுவரில் மோதும் என்பார்கள். கண் சிமிட்டும் நேரம்கூட அந்தக் கரணம் இல்லை. யார் பார்த்துச் சொல்வது?

சம்பூரணம் காபி கொண்டுவந்தாள். "பொண்டாட்டி கண்ண மூடறாளா தொறக்கறாளான்னு ஒரு நாளும் கேட்டதில்லண்ணா. புறாக்கு வந்துட்டாரு."

"நீதான் மூடறதே இல்லியே," என்றார் ஏழுமலை. "தூக்கத்துலகூட பேசற."

பிறகு மாடிப்படி வரை என்னோடு வந்து, குரலைத் தாழ்த்தி அவள் ஒரு விஷயம் சொன்னாள். வலது கண்ணில் நான்கு விரற்கடை தூரத்துக்குள் வைத்தால் அவருக்கு எழுத்துகூடத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் அதுவும் போய்க்கொண்டிருக்கிறது. தை மாதம் வரை தாங்கினால் பெரிது என்று கண் டாக்டர் சொல்லியிருக்கிறார். அப்போது ஆடி.

ரயிலில் அம்பத்தூருக்குத் திரும்பும்போது கணக்காக யோசித்தேன். பறக்கும் புறாவை அவர் கண்ணுக்கு நான்கு விரற்கடையில் கொண்டுவர முடியாது. புகைப்படத்தைக் கொண்டுவரலாம்.

கொக்கின் பின்னால்

மூர் மார்க்கெட்டில் பழைய காமிரா ஒன்று வாங்கினேன். துருத்திபோல் இழுத்துத் திறக்கும் வகை. ரோலுக்கு எட்டுப் படம். உள்ளே பார்த்துத் தெளிவாக்கும் வசதி இல்லை. பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அந்த எண்ணுக்கு லென்ஸ் வளையத்தைத் திருப்ப வேண்டும். ஷட்டர் வேகம் நொடியில் ஐந்நூறில் ஒரு பங்கு வரை போகும். வயது ஆனதால் வளையத்தில் எண்கள் மட்டுமே இருந்தன. அவற்றின் பக்கத்தில் இருந்த எழுத்து தேய்ந்து போயிருந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

புறாவுக்கு முன் ஒரு பயிற்சி என்று அம்பத்தூர் ஏரிக்கரைக்குப் போனேன். கொக்கு எழும்பியதும் காமிராவைத் தூக்குவேன். கண்ணாடிச் சதுரத்துக்குள் அதைத் தேடிப் பிடிப்பதற்குள் அது அக்கரைக்குப் போயிருக்கும். முதல் ரோலில் வந்தவை: வெறும் வானம் ஐந்து, வால் ஒன்று, என் செருப்பு ஒன்று, எருமை ஒன்று. எருமை மட்டும் மிகத் தெளிவாக இருந்தது.

அன்று இரவு நோட்டில் ஒரு பக்கத்துக்குக் கட்டம் போட்டேன். தேதி, படம் எண், வேகம், தூரம், வெளிச்சம், முடிவு, கடைசிக் கட்டத்தில் 'பார்த்தவர் கையொப்பம்'. தொழிற்சாலைப் படிவத்தில் இருப்பதுபோலவே. ஒவ்வொரு வரிசையிலும் நானே கையெழுத்துப் போட்டேன்.

"வீட்டில யாருக்குக் கையெழுத்து?" என்று என் மனைவி விசாலம் கேட்டாள். "கொக்கு வந்து சரிபார்க்குமா?"

ஆனாலும் அந்தக் கட்டத்திலிருந்துதான் ஒன்று புரிந்தது. பறவையின் பின்னால் காமிராவை ஓட்டிப் பயனில்லை. அது கட்டாயம் வரும் இடம் ஒன்றைத் தெரிந்துகொண்டு, அந்த இடத்துக்குத் தூரத்தை அளந்து வைத்துவிட்டு, காத்திருக்க வேண்டும். ஏரியில் எந்தக் கொக்கும் எனக்கு அப்படி வாக்குக் கொடுக்கவில்லை. மல்லி கொடுத்திருந்தது. கூண்டுக்கு மேலே, இரண்டு ஆள் உயரம்.

புகை

அடுத்த ஞாயிறு கூண்டின் மேல் ஒரு மூங்கிலைக் கட்டி, அதன் நுனியிலிருந்து நான் நிற்கும் இடத்துக்கு டேப்பைப் பிடித்தேன். சரியாக நான்கு மீட்டர். மூங்கிலை எடுத்துவிட்டேன். என்னைப் பார்த்தால் மல்லி மெர்சலாகிவிடும் என்று ஏழுமலை சொன்னதால் கொடித் துணிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வளையத்தை நான்கில் வைத்தேன்.

எட்டும் மங்கல். பஞ்சை விரலால் இழுத்துவிட்டதுபோல் ஒன்று வானத்தில் இருந்தது.

கை ஆடியிருக்கும் என்று சுவரில் முழங்கையை ஊன்றினேன். மங்கல். வேகம் போதவில்லையோ என்று உச்சி வெயிலில் எடுத்தேன். மங்கல். பறவை போகும் திசையில் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக்கொண்டே அமுக்கிப் பார்த்தேன். படம் முழுக்கவே கோடாக இழுபட்டது. ஆவடி ஸ்டேஷனருகே ஸ்டூடியோ வைத்திருந்தவர் கவரை நீட்டும்போதே கேட்பார்:

"சார், இந்த வாரம் இன்னா, புகையா பஞ்சா?"

புறாவுக்கு மட்டும் நான்கு ரோல் முடிந்தது. ஆவணி போய்ப் புரட்டாசியும் பாதி போயிற்று. படங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு நோட்டில் 'தள்ளுபடி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஏழுமலையிடம் காட்டவில்லை. தேறாததை அவர் கண்ணுக்கு ஏன் வேலையாக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிறு சம்பூரணம் வாசலிலேயே என்னை நிறுத்தினாள். "அண்ணா, வராதுன்னா வராதுன்னு இப்பவே சொல்லிடுங்க. சனிக்கெழம வந்தா அவருக்குத் தூக்கம் இல்ல. நாளைக்கு சார் வருவாரு, நாளைக்கு சார் வருவாருன்னு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பையில் ஐந்தாவது ரோலின் படங்கள் இருந்தன. நேராக மாடிக்குப் போய் அவற்றை ஏழுமலையின் கையில் வைத்தேன். "வரலை, ஏழுமலை. நீங்களே பாருங்க."

கொடியில் ஒரு கிளிப்

அவர் கண்ணாடியைக் கழற்றினார். படத்தை வலது கண்ணுக்கு இமை தொடும் அளவுக்குக் கொண்டுபோனார். எழுத்து எழுத்தாகப் படிப்பதுபோல் இடமிருந்து வலமாக நகர்த்தினார். அடுத்த படம். அதற்கடுத்தது. வெகுநேரம்.

"சார், பக்கத்துல கீற கிளிப்பு யாருது?"

"எந்தக் கிளிப்?"

"கொடில மாட்டனது. பளிச்சுனு கீது. அதோட கம்பி ரெண்டு சுத்து சுத்திகினு கீறது தெரியுது. துண்டுல நூலு பிரிஞ்சிகினு கீது. எட்டுலயும் கிளிப்பு பளிச்சுனு கீது, புறா புகையா கீது. உன் காமிரா புறாவப் பாக்கல சார். எங்க ஊட்டுத் துணியத்தான் பாக்குது."

பிடுங்கிப் பார்த்தேன். உண்மை. ஓரத்தில் இருந்த அந்தக் கிளிப்பை ஐந்து வாரமாக நான் கண்ணெடுத்தும் பார்த்ததில்லை. பறவையை மட்டுமே பார்த்திருந்தேன். கொடி எனக்கு எவ்வளவு தூரம்? டேப்பை எடுத்தேன். கிட்டத்தட்ட ஒன்றேகால் மீட்டர். அதாவது நான்கு அடி.

வளையத்தில் இருந்தவை அடிகள்.

அந்த வருடம்தான் எங்கள் தொழிற்சாலை அங்குலத்திலிருந்து மில்லிமீட்டருக்கு மாறியிருந்தது. ஒவ்வொரு கேஜுக்கும் புதுச் சீட்டு ஒட்டியவன் நான். பழக்க தோஷத்தில் அங்குலத்தில் எழுதியவர்களுக்கு மெமோ கொடுத்தவன் நான். வீட்டில் விசாலம் ரவிக்கைத் துணியைக் கஜத்தில் சொன்னால்கூடத் திருத்துவேன். மீட்டர் என் மண்டைக்குள் அவ்வளவு ஏறியிருந்ததால், எனக்கு முன்பே பிறந்த ஒரு காமிரா அடியில் பேசக்கூடும் என்று தோன்றவே இல்லை. அந்த வளையத்தில் ஐம்பது என்றுகூட ஓர் எண் இருந்தது. ஐம்பது மீட்டரை ஒரு காமிராவில் எதற்குக் குறிப்பார்கள் என்று கேட்டிருக்க வேண்டியவன் நான்.

விஷயத்தைச் சொன்னேன். ஏழுமலை மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏ சம்பூர்ணம்! இங்க வா! ஊருக்கே மெமோ குடுக்கற சாரு, அடிக்கும் மீட்டருக்கும் வித்தியாசம் தெரியாம அஞ்சு வாரமா நம்ம துண்ட போட்டோ புடிச்சிகினு இருக்காரு!"

"நல்லா வந்திருந்தா துண்டுக்கு ஒரு காப்பி குடுங்கண்ணா," என்றாள் சம்பூரணம் கீழிருந்து.

வளையத்தைப் பன்னிரண்டு தாண்டி ஒரு மயிரிழை நகர்த்தினேன். ஆறாவது ரோலில் மல்லி தெளிவாக விழுந்தது. கழுத்தின் பழுப்புப் புள்ளிகளை எண்ணலாம். ஆனால் எட்டுப் படத்திலும் அது நேராகப் பறந்துகொண்டிருந்தது. கரணத்தைக் கண்ணால் பார்த்து விரலுக்குச் சொல்வதற்குள் கரணம் முடிந்துவிடுகிறது.

"நான் தட்றேன், நீ அமுக்கு," என்றார் ஏழுமலை.

"உங்களுக்குத் தெரியாதே..."

"எனக்கு எதுக்குத் தெரியணும்? கேக்குதே. திரும்பறதுக்கு மின்னாடி ரெக்கய ரெண்டு தபா பட்டு பட்டுனு தட்டும். அப்பறம் ஒரு சத்தம் இருக்காது. அந்த சத்தமில்லாததுதான் சார் கர்ணம்."

அதன் பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசி, கார்த்திகை முழுக்க வெளிச்சம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு ஜன்னலில் நின்று மேகத்தைத் திட்டினேன். ஸ்டோர்ஸில் ஏழுமலை படிவங்களை முன்பைவிட முகத்துக்கு நெருக்கமாகப் பிடிப்பதைக் கவனித்தேன். நான்கு விரற்கடை இரண்டாகியிருந்தது.

இரண்டு விரல்கள்

ஆக, மார்கழிக் காலை. ஈரப் புடவை. என் தோளில் விரல்கள்.

அன்றைக்கு விட்டால் வேறு நாள் இல்லை. மல்லி ஜோடி சேர்ந்து இரண்டு நாளாகக் கூண்டுக்குள் குச்சி பொறுக்கிக்கொண்டிருந்தது. முட்டை வைத்துவிட்டால் குஞ்சு பொரித்து வளர்ந்து முடியும்வரை அதைப் பறக்க விடமாட்டார்கள். அதற்குள் தை போய்விடும்.

சம்பூரணம் கூண்டருகே குந்தி, கம்பு தானியத்தைத் தகரத்தில் கிலுக்கினாள். நிழல் ஒன்று மாடியைத் தாண்டியது. விரல்கள் தட்டின. அமுக்கினேன்.

"லேட்டு," என்றார் ஏழுமலை. "நீ யோசிக்கிற. தட்டுனதும் அமுக்கு, யோசிக்காத."

சம்பூரணம் அதைக் கையால் எடுத்து மறுபடி வீசினாள். இரண்டாவது, மூன்றாவது. நான்காவது முறை மிலிட்டரி சைடிங் தண்டவாளத்தில் சரக்கு வண்டிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்ட சத்தத்தில் மல்லி கரணமே போடாமல் எங்கோ போய்க் கால் மணி கழித்து வந்தது. ஐந்து. ஆறு.

ஏழாவதில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. திறந்திருந்தால் என் கண் குறுக்கே வந்து தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருந்தது. மூடியதும் எனக்கும் கேட்டது: பட், பட். தோளில் விரல்கள் விழுந்த கணமும் என் விரல் அமுங்கிய கணமும் ஒன்றாக இருந்தன. பிறகு அவர் சொன்ன அந்தச் சத்தமில்லாத இடம். பிறகு பலகையில் நகங்கள் உரசின.

ஏழுமலை கையை எடுத்துவிட்டார். "போதும் சார். அவளுக்கு மூச்சு வாங்குது."

எட்டாவது படத்தை எடுக்கவில்லை.

பார்த்தவர்

ஸ்டூடியோக்காரர் அந்த வாரம் புகையா பஞ்சா என்று கேட்கவில்லை. பெரிதாக்கிய படத்தை மேஜையில் வைத்தார். "ரெண்டு தபா திருப்பித் திருப்பிப் பாத்தேன் சார், நான்தான் தலைகீழா போட்டுட்டனோன்னு. கூண்டு நேராத்தான் கீது."

கூண்டு நேராக இருந்தது. அதற்கு மேலே மல்லி மல்லாந்து கிடந்தது, காற்றில் படுக்கை விரித்ததுபோல. வால் விசிறியாக. இறகின் ஒவ்வொரு ஈர்க்கும் தனித்தனியாக.

கண் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி, கசகசா அளவு. தொழிற்சாலையிலிருந்து பூதக்கண்ணாடி எடுத்துவந்து வீட்டில் ஒரு மணி நேரம் பார்த்தேன். கண்ணாக இருக்கலாம். மூடிய இமையாக இருக்கலாம். பெரிதாக்கும்போது தெரியும் பிலிம் பொடியாகவும் இருக்கலாம். சொல்ல முடியவில்லை. நோட்டில் மற்ற கட்டங்களை நிரப்பிவிட்டு 'முடிவு' கட்டத்தை மட்டும் விட்டு வைத்தேன். தெரியவில்லை என்று ஏழுமலையிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டு, நோட்டோடு ரயில் ஏறினேன்.

அவர் மாடியில் வெயிலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். படம் இமையில் உரசியது. கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. சம்பூரணம் கையில் கரண்டியோடு படியிலேயே நின்றுவிட்டாள்.

"கால உள்ள இழுத்துகினு கீறா," என்றார். "ரெண்டு காலும். இத்தினி நாளு தொங்கவுட்டுகினு இருப்பான்னு நெனச்சேன்."

நகர்த்தினார்.

"வாலு... அப்பா. இன்னா விரிப்பு."

நகர்த்தினார். பிறகு படம் நின்றுவிட்டது. கூண்டுக்குள் மல்லி முட்டையின் மேல் உட்கார்ந்து முனகிக்கொண்டிருந்தது. ஒரு மின்சார ரயில் வந்து, நின்று, போயிற்று. அவர் அசையவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அவ்வளவு நேரம் இமைக்காமல் இருந்தால் யாருக்கும் வழியும்.

"தொறந்துகினுதான் கீது," என்றார் ஏழுமலை.

"நல்லா பாத்தியா?" என்றாள் சம்பூரணம்.

"பாத்தேன்." படத்தை இறக்கினார். "சார், உன் பூதக்கண்ணாடில இன்னா தெரிஞ்சுது?"

அளக்காத எதற்கும் நான் அதுவரை கையெழுத்துப் போட்டதில்லை. நோட்டைத் திறந்தேன். 'முடிவு' கட்டத்தில் எழுதிக்கொண்டே வாசித்தேன்: "கண் திறந்திருக்கிறது." பிறகு பேனாவை அவர் கையில் கொடுத்து, நுனியைக் கடைசிக் கட்டத்தில் வைத்துவிட்டேன்.

"இங்க பார்த்தவர் கையெழுத்துப் போடணும். பார்த்தது நீங்க."

அவர் கேலி ஒன்றும் செய்யவில்லை. நோட்டுக்கு முகத்தைத் தாழ்த்தி, நாக்கை ஓரத்தில் கடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி எழுதினார். ஏழுமலை. பெரிய எழுத்துகள். கட்டத்துக்குள் அடங்காமல், கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கி அடுத்த வரிசையின் பாதிவரை போயிற்று.

பங்குனிக்குள் அவருக்கு வலது கண்ணும் அணைந்துவிட்டது. மாடிக்கு வருகிற புறாக்காரர்களிடம் அதன் பிறகு அவர் வாதம் செய்ததில்லை. சுவரில் மாட்டிய படத்தின் பக்கம் கையைக் காட்டி, "நான் பாத்துட்டேன் நைனா," என்பார், அவ்வளவுதான்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அன்றைய படத்துக்கு அடுத்த வரிசையில் நான் எதையும் எழுதவில்லை. அதற்கடுத்த வரிசையிலிருந்து தொடர்ந்திருக்கிறேன்.